சுரைக்காய்க்கு வளைகாப்பு

எனக்குக் கோவையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள்; மறதியும் கூடிவிட்டது. முன்னது பின்னதாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றை மட்டும் சத்தியம் செய்து சொல்வேன். கத்தரிச் செடிக்குத் தடுப்பூசி அட்டை போட்ட மனுஷி இந்தப் புதுக்கோட்டை மாவட்டத்திலேயே எங்கள் நர்சம்மா ஒருவர்தான்.

அன்னவாசல் பக்கத்து ஊர்களில் கர்ப்பிணிகளைத் தேடித் தேடி நடந்தே ஓய்வு பெற்றவர், எங்கள் ஊரில் வந்து வீடு கட்டினார். சும்மா இருக்க முடியவில்லை. ஊருணிக்கரையில் கருவேலம் மண்டிக் கிடந்த பஞ்சாயத்து இடத்தைக் கேட்டு வாங்கி, 'படிப்புத் தோட்டம்' என்று போர்டு வைத்தார். காய்கறி வளர்ப்பது எப்படி, விதை எடுப்பது எப்படி என்று ஊர்ப் பெண்கள் கற்றுக்கொள்ள ஒரு இடம். காய்ப்பது எல்லோருக்கும் பொது. பதினைந்து பேர் சேர்ந்தோம். மற்றவர்கள் ஆசைப்பட்டுச் சேர்ந்தார்கள். நான், வரமாட்டேன் என்று சொல்லக் கூச்சப்பட்டுச் சேர்ந்தேன்.

உத்தியோகம் முடிந்ததே தவிர அவருக்கு நர்சு வேலை முடியவில்லை. ஒவ்வொரு செடிக்கும் பக்கத்தில் ஒரு குச்சி, குச்சியில் அட்டை. அட்டையில் தாய் பெயர், முளைத்த தேதி, உயரம். தாய் என்றால் விதை கொடுத்த வீட்டுக்காரி. வேப்பெண்ணெய் தெளிப்பது புதன்கிழமை மட்டும்தான், ஊசி போடுகிற நாள் அதுதானாம். ஒரு வெள்ளிக்கிழமை, வெண்டையில் பூச்சி அப்பிக் கிடக்கிறது என்று ஒருத்தி பதறி ஓடிவந்தாள். "புதன்கிழமை கூட்டிட்டு வாங்க" என்றார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்து, கையால் நசுக்கிவிடச் சொன்னார்.

கீரை நெருக்கமாக முளைத்தால் பாதியைப் பிடுங்கச் சொல்வார். பாவம் பார்த்துப் பிடுங்கக் கை வராமல் நின்ற ஒருத்தியிடம், "எடைவெளி வேணும்னு ஒனக்கு அன்னைக்கே சொன்னேன், கேக்கல. இதுகளுக்காச்சும் விடு" என்றார். அவள் வரிசையாக நாலு பெற்றவள். எல்லோருக்கும் முன்னால் அவள்தான் சிரித்தாள்.

ஒருநாள் ஆடு புகுந்து ஒரு பாத்தியை மொட்டையடித்துவிட்டது. கம்போடு ஓடியவர் ஆட்டின் வயிற்றைப் பார்த்ததும் நின்றுவிட்டார். தடவிப் பார்த்தார், சினைதான். மிச்சமிருந்த கீரையையும் பிடுங்கி அதற்கே கொடுத்தார். திட்டெல்லாம் ஆட்டுக்காரிக்கு, சினை ஆட்டை இப்படியா பட்டினி போடுவது என்று.

இனி நான் செய்த காரியத்துக்கு வருகிறேன்.

என் மாமியார் வைத்துவிட்டுப் போன குண்டுச் சுரை விதை மூன்றுதான் மிஞ்சியிருந்தது. ஊரில் வேறு யாரிடமும் அது இல்லை. விதை எடுப்பதெல்லாம் மாமியார் வேலை. நான் குழம்பு வைத்ததோடு சரி. மூன்றையும் தோட்டத்துக்குக் கொடுத்தேன். ஒன்றுதான் முளைத்தது. அந்தக் கொடியிலும் பிஞ்செல்லாம் வெம்பி உதிர்ந்து, ஒரே ஒரு காய் நின்றது. அது முற்றினால்தான் விதை. இல்லையென்றால் அந்தச் சுரையே ஊரில் இல்லாமல் போகும்.

யாரும் தெரியாமல் பறித்துவிடக் கூடாதே என்று நர்சம்மா அதற்கு வளைகாப்பே நடத்திவிட்டார். காம்பில் கண்ணாடி வளையலைக் கட்டி, சந்தனம் தடவி, எங்களுக்கு எலுமிச்சைச் சாதமும் போட்டார். சாப்பிட்ட குஷியில் என்னைப் பார்த்து, "யக்கா, வளைகாப்பு முடிஞ்சா தாய்வீட்டுக்கு அனுப்பணும்ல. அட்டையில ஒங்க பேருதான் இருக்கு. மொறையாக் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அவர் சொல்லி நான் எதையும் செய்யாமல் இருந்ததில்லை. மாமியார் விதைக்காயை வீட்டுக்குள் தொங்கவிட்டிருந்த ஞாபகம் வேறு. நிஜமாகத்தான் சொன்னீர்களா என்று கேட்கக் கூச்சம். கூட்டம் கலைந்த பிறகு காம்போடு அறுத்து, வளையல் உடையாமல் முந்தானையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

மறுநாள் காலை நர்சம்மா என் வாசலில் நின்றார். என் முகத்தையே பார்த்தார்.

"நீங்கதானே கூட்டிட்டுப் போகச் சொன்னீங்க" என்றேன்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். திட்டினால் தேவலை என்றிருந்தது. செடிக் கணக்கு எழுதும் நோட்டைப் பிரித்து, பூ விரிந்த நாளிலிருந்து விரல்விட்டு எண்ணினார்.

"இன்னும் இருவது நாள் இருக்குக்கா. கொறைமாசம்."

அதற்குப் பிறகு முழு நர்சாகிவிட்டார். காயைப் பழைய துண்டில் சுற்றி, என் அடுப்படியில் காற்று வரும் மூலையில் உறிகட்டித் தொங்கவிட்டார். தினமும் காலை ஏழு மணிக்கு வந்து தட்டிப் பார்ப்பார், முகர்ந்து பார்ப்பார், என் கையால் டீ குடிப்பார். முதல் நாலைந்து நாள் நான் வாயே திறக்கவில்லை. பிறகு மாமியார் கதையைச் சொன்னேன். அதற்கும் பிறகு, யாரிடமும் சொல்லாத என் கதையையும் சொன்னேன். அவர் எழுந்துவிடக் கூடாதே என்று இரண்டாவது டீ போட ஆரம்பித்தேன்.

இருபத்தோராம் நாள் காயை அறுத்தோம். முக்கால்வாசி சப்பை விதை. காயவைத்து, ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பார்த்துத் திரண்ட ஒன்பதை எடுத்தார். ஊன்றியதில் ஐந்து முளைத்தது. நான் பார்க்காதபோது அட்டை எழுதிச் செருகியிருந்தார். தாய் பெயர் என்ற இடத்தில் என் பெயர். அதற்குக் கீழே, 'குறைமாதம். தாயும் பிள்ளைகளும் நலம்.'

இப்போது பதினைந்து வீட்டுக் கூரையிலும் குண்டுச் சுரை கிடக்கிறது. நர்சம்மா மகளோடு இருக்கக் கோயம்புத்தூருக்குப் போய்விட்டார். புதன்கிழமை வேப்பெண்ணெய் தெளிப்பது நான்தான்.

இதில் நாள் கணக்கெல்லாம் ஞாபகத்திலிருந்து எழுதியது. விதை ஒன்பதா பத்தா என்பதுகூட அவர் நோட்டில்தான் இருக்கும். கோயம்புத்தூர்ப் பக்கம் இதைப் படிக்கிறவர்கள் யாராவது அவரிடம் காட்டிச் சரிபார்க்கச் சொல்லுங்கள். தப்பு இருந்தால் போனில் சொல்ல வேண்டாம், நேரில் வந்து திருத்தட்டும். ஏழு மணிக்கு டீ வைத்திருப்பேன்.