பழனிக்குமாரன் ஊஃபர்க்குழல் விரித்த படலம்

அணைநீர் அலைபுரளும் ஆத்தூரின் ஏறே! எரிந்துபோன மோட்டார்களின் வயிறு திறந்து, செப்புக்கம்பிச் சுருளால் மறுபிறவி ஈயும் காயில்கட்டும் கைவேந்தே! பழனிக்குமாரனே, நின் புயம் வாழ்க! நின் கூடத்து மூலை வாழ்க! அம்மூலையில் நீயே பலகை அறுத்துப் பசைபூசிச் சமைத்த சப்-ஊஃபர் என்னும் இடிவயிற்றுப் பெட்டி நீடு வாழ்க!

அந்த மூலைக்குத்தான் ஆபத்து வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, பாலுக்கு உறை ஊற்றித் தூக்குவாளியைப் பாத்திர அலமாரியில் ஏற்றிய கையோடு மனையரசி சுகன்யா முரசறைந்தாள்:

"எங்கண்ணன், கடையில வாங்குன பொட்டியோட வருது. ரெண்டையும் போட்டுப் பாப்போம். ஒங்க பொட்டி செயிச்சா மூலையிலயே இருக்கட்டும். தோத்துச்சு, அங்க பிரிட்ஜ் வந்துரும்."

வந்தான் அழகுராஜா, நெய்க்காரப்பட்டித் தென்னந்தோப்புகளின் காவலன், சுகன்யாவின் தமையன். மினிவேனிலிருந்து இறங்கியது கன்னங்கரிய கடைப்பெட்டி. அலமாரியில் அணிவகுத்து நின்ற எவர்சில்வர் சேனையே நடுவர் எனவும், எவன் முழக்கத்துக்கு அது மிகுதியாய் நடுங்குமோ அவனே வென்றான் எனவும் போர்விதி வகுக்கப்பட்டது. கடைப்பெட்டி உறுமியது, டம்ளர்கள் கிணுகிணுத்தன. அடுத்துப் பழனிக்குமாரன் தன் பெட்டியை முடுக்கினான். இடி இடிக்கத்தான் செய்தது. ஆனால் ஒவ்வோர் இடிக்கும் பின்னால், காற்றுப் போவதற்கென்று பெட்டியில் வைத்த துளையிலிருந்து, ஐயகோ, 'புஸ்ஸ்' என்றொரு சத்தம் எழுந்தது!

போர்வெல்லுக்குப் போட்டு மிஞ்சிய பிவிசி குழாயை ரம்பத்தால் வெட்டி அப்படியே சொருகியிருந்தான் வீரன். வெட்டுவாயின் கூர்விளிம்பில் காற்று மோதிச் சீறியது. அழகுராஜா ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தித் துளையருகே நீட்ட, புகை சிதறியோடியது.

"ஏனுங்க மாப்ள, பொட்டிக்கு இளைப்புங்களா? வைத்தியருகிட்டக் காட்டுனீங்களா?"

மானம் போயிற்று. சத்தத்தைக் குறைத்தால் சீறல் அடங்கும். ஆனால் டம்ளர் அதிராது. மச்சான் முன்னால் மெதுவாகப் பாட்டு வைத்துக் கேட்பதைவிட மாட்டுக்கொட்டிலில் போய்ப் படுத்துக்கொள்ளலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

அப்போதுதான் தோட்டத்து ஞானம் பிறந்தது. குழாயோடு குழாய் சேர்க்க, காய்ந்த ஓலையைக் கொளுத்தி வாயைச் சூடுகாட்டி அகட்டுவதில்லையா! பிடுங்கினான் குழாயை, ஏந்தினான் அடுப்புத்தீயில், இளகிய வாயை எடுத்து, அதே அழகுராஜா தங்கைக்குச் சீராகத் தந்த பித்தளைச் சொம்பின் வயிற்றில் கவிழ்த்து, திண்டுக்கல் மலையையே அமுக்குபவன்போல் அமுக்கினான். தண்ணீர் ஊற்றி எடுத்தபோது, ஊமத்தம்பூவாய் விரிந்திருந்தது குழல்வாய்.

இரண்டாம் போர் தொடங்கிற்று. சீறல் இல்லை, இளைப்பில்லை, ஊதுபத்திப் புகை அலுங்காமல் போய்வந்தது, முழக்கமோ மும்மடங்கு! தட்டுகள் தட்டுகளோடு பொருதன, மூடிகள் கூத்தாடின, சல்லடை தலைகுப்புற விழுந்து உருண்டோடித் தமையன் காலடியில் சரண்புகுந்தது.

"கெலிச்சுட்டீங்க மாப்ள! நிறுத்துங்க, நெஞ்சு அடைக்குதுங்க!"

நிறுத்துவானா வென்றவன்? அக்கம்பக்கத்தாரை அழைத்து வந்து காட்டினான். தெருநாய் ஓடும்வரை காட்டினான். பொழுது சாயும்வரை பாத்திரச்சேனையை நடுநடுங்க வைத்து, பூரித்துப்போய் நின்றான் அந்த மூலைகாத்த பெருமான்.

அண்ணனுக்குச் சோறுபோட இலை விரித்த சுகன்யா, அலமாரியிலிருந்து தூக்குவாளியை இறக்கித் திறந்தாள். உள்ளே பால் பாலாகவே தளும்பியது. கரண்டியைச் செங்கோலாய் உயர்த்தி அவள் தீர்ப்புரைத்தாள்:

"ஒறை ஊத்துனத அம்புட்டு ஆட்டு ஆட்டுனா எப்பிடி ஒறையும்? பிரிட்ஜ் இருந்திருந்தா நேத்துத் தயிராச்சும் இருந்திருக்கும்."

அழகுராஜா ரசத்துக்கே மறுசோறு வாங்கிக்கொண்டான்.

இப்போது அந்தப் பெட்டிமேல் பிரிட்ஜின் ஸ்டெபிலைசர் இருக்கிறது.