மேச்சோவுக்கு ஒரு பெல்ட்

இனி என் காரில் நாய் ஏறாது. காலைக் காபியின்போது இதை அறிவித்தேன். என் மனைவி ருமியானா கரண்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

காரணம் இருந்தது. மே மாதம், ஸ்மோலியன் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவில், மேச்சோ பின்னிருக்கையிலிருந்து என் தோளில் தலையை வைத்துக் காதை நக்கியது. மேச்சோ ஆட்டுமந்தையைக் காக்கும் இனம். கன்றுக்குட்டி அளவு. நான் கண்ணைத் திறந்தபோது காரின் மூக்கு பள்ளத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த அதிர்ச்சி இன்னும் காதில் ஈரமாக இருக்கிறது.

உலகத்தில் என் சொல்லைக் கேட்கும் ஒரே பொருள் அந்தக் கார்தான். ஸ்டியரிங்கை என்னைத் தவிர யாரும் தொட்டதில்லை. ருமியானாவிடம் லைசென்ஸ் இருக்கிறது. அலமாரியில் பத்திரமாக இருக்கிறது.

"அப்ப கவாலா போறப்ப மேச்சோ?" என்றாள். விடுமுறைக்கு எல்லை தாண்டி, கிரேக்கக் கடற்கரையில் முதல்முறையாக அறை பிடித்திருந்தோம்.

"உன் அக்கா வீட்டுல விடு."

"அவ வீட்டுல பூனை இருக்கு."

"இருந்தா என்ன?"

"இருக்காது. அதான் பிரச்சினை."

நேரடியாக மறுத்து நான் ஜெயித்ததில்லை. எனவே பாதுகாப்பைக் கையில் எடுத்தேன்.

"சரி, கூட்டிட்டுப் போலாம். ஆனா முறைப்படி. மார்புப்பட்டை மாட்டி, சீட் பெல்ட்டோட கட்டணும்."

"வாங்கிட்டேன்."

முதல் அதிர்ச்சி.

"கிளம்பறதுக்கு முன்னாடி வயிறு முட்டத் தின்னக் கூடாது. ஜன்னலுக்கு வெளிய தலையை நீட்டக் கூடாது. அங்கங்க நிறுத்தித் தண்ணி காட்டணும். வெயில்ல கார்ல பூட்டி வைக்கக் கூடாது. ஓட்டுறவனைத் தொந்தரவு பண்ணாம இருக்கப் பக்கத்துல ஒரு ஆள் பிடிச்சுக்கிட்டே வரணும். பலமான ஆள்!"

ருமியானா தலையை இடமும் வலமுமாக ஆட்டினாள். எங்கள் பல்கேரியாவில் அது சம்மதம்.

கடைசி ஆயுதம், கவாலாவில் எங்களுக்கு அறை கொடுத்த அறைக்காரர். போனில் எண்ணை அழுத்தி, அவளுக்கும் கேட்கும்படி மேசைமேல் வைத்தேன். எனக்குக் கிரேக்கம் தெரியாது. அவருக்கு எங்கள் மொழி தெரியாது. நாயை எப்படிச் சொல்வது? குரைத்தேன்.

"லொள்! லொள் லொள்? உங்க அறையில? பரவாயில்லையா?"

மறுமுனையில் ஒரு சிரிப்பு. பிறகு உற்சாகமாக, "நே! நே, நே!"

போனை வைத்தேன். எங்கள் மொழியில் 'நே' என்றால் 'கிடையாது'. கைக்குழந்தைக்கும் தெரியும்.

"கேட்டியா? மனுஷன் ஆணி அடிச்ச மாதிரி சொல்லிட்டான். நான் என்ன பண்றது?"

"பாவம் மேச்சோ. அவர் மட்டும் சரின்னு சொல்லியிருந்தா?"

ஜெயித்தவன் தாராளமாக இருக்க வேண்டும். "நானே பின்னால உட்கார்ந்து அதைப் பிடிச்சுக்கிட்டு வந்திருப்பேன். காரை நீயே ஓட்டியிருக்கலாம்."

"சத்தியமா?"

"இந்த ரொட்டி மேல சத்தியம்!"

அவள் எழுந்துபோய் அலமாரியிலிருந்து லைசென்ஸை எடுத்தாள்.

"அது எதுக்கு?"

"கிரேக்கத்துல நேன்னா ஆமா."

"பொய்!"

"எங்க தையற்கூடத்து முதலாளி கிரேக்கர்தானே? முதல் மாசம் லீவு கேட்டேன். நேன்னார். அழுதுக்கிட்டே வேலைக்குப் போனேன். ஏம்மா வந்தேங்கறார்!"

"ஒரு நாடே மறுக்கிற வார்த்தையை வச்சு சம்மதிக்குமா?"

"நாம தலையாட்டுறதைப் பார்த்து அவங்களும் இதையேதான் கேக்கறாங்க."

சனிக்கிழமை கிளம்பினோம். மேச்சோவைப் பெல்ட்டில் கட்டினாள். பக்கத்தில் என்னையும் கட்டினாள். நாய் படாத பாடு என்பார்கள். நாய் எதுவும் படவில்லை. என் மடியில் தலை வைத்துத் தூங்கியது. பாடு முழுக்க என்னுடையது. எனக்குக் காலை உணவுகூட இல்லை.

"கிளம்பறதுக்கு முன்னாடி வயிறு முட்டக் கூடாதுன்னியே!"

"நாய்க்குச் சொன்னேன்!"

"பேர் சொல்லலையே நீ."

வளைவு வந்தது. "பிரேக்! பிரேக் போடு!" என்று கத்தினேன்.

"ஓட்டுறவளைத் தொந்தரவு பண்ணாதே மனுஷா."

பள்ளம் எங்களை எட்டிப் பார்க்கவே இல்லை. அதுதான் பெரிய அதிர்ச்சி. அவள் மோசமாக ஓட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். என் கார் அவள் சொல்லைக் கேட்டது. பதறாமல், இருமாமல், என்னிடம் ஒருநாளும் காட்டாத பணிவோடு. கவாலா போனதும் சாவியை வாங்கிவிட வேண்டும் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

அறைக்காரர் வாசலிலேயே நின்றார். கார் கதவைத் திறந்ததும், "மேச்சோ!" என்று கையை விரித்தார்.

ருமியானாவிடம் திரும்பினேன். "அவருக்கு எப்படிப் பேர் தெரியும்?"

"போன மாசமே பேசிட்டேன். அவருக்கு நாய்னா உயிராம்."

"அப்ப நான் குரைச்சேனே?"

ருமியானா அவரிடம் கிரேக்கத்தில் கேட்டாள். அவர் சிரித்துச் சிரித்துச் சொன்னார்.

"மேச்சோகிட்ட போனைக் கொடுத்துட்டோம்னு நினைச்சாராம். அதான் அவ்வளவு அன்பாப் பதில் சொன்னாராம்."

அவர் என்னைக் காட்டி ஏதோ கேட்டார். அவளும் ஏதோ சொன்னாள்.

"என்ன கேக்கறார்?"

"நீ யாருன்னு கேக்கறார். நாயைப் பிடிச்சுக்க வந்த ஆளுன்னு சொன்னேன்."

இதற்கு மேல் பொறுப்பதற்கில்லை. சாவிக்காகக் கையை நீட்டினேன்.

ருமியானா அதில் மேச்சோவின் கயிற்றை வைத்தாள்.