அட்டையில் ஒரு ஜன்னல்

மாமனாரும் மாமியாரும் சேர்ந்து சிரித்த ஒரே படத்துக்கு ஃபிரேம் கடைக்காரர் சொன்ன விலை தொள்ளாயிரம்.

“நானூத்தம்பது” என்றார் பாதிவிலை.

அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர் அது. கொள்முதல் பிரிவில் இருபத்திரண்டு வருடம். குண்டூசியோ ஜெனரேட்டரோ, யார் என்ன விலை சொன்னாலும் அவர் வாய் தானாகப் பாதியைச் சொல்லும். பல் டாக்டரிடம் வாயைப் பிளந்தபடியே பேரம் பேசிய மனிதர்.

கடைக்காரர் தலையை நிமிர்த்தவில்லை. “தொள்ளாயிரம் சார்.”

“ஒரு கண்ணாடி, ஒரு அட்டை, நாலு குச்சி. இதுக்கா?”

“படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவுல மவுன்ட் வரணும் சார். தடி அட்டையில ஜன்னல் மாதிரி, ஓரம் சாய்வா வெட்டணும். அந்த வெட்டுக்குத்தான் காசு.”

“ஓட்டைக்குக் காசா?”

“வேணும்னா வீட்லயே வெட்டிக்குங்க. அதுக்குன்னே கட்டர் விக்குது.”

பாதிவிலை படத்தை உறையில் போட்டுக்கொண்டு வீறாப்பாக வீடு திரும்பினார்.

“அப்பா ஞாயித்துக்கிழமை வர்றாரு” என்றாள் மனைவி. “சுவத்துல படம் இல்லன்னா, ‘மாப்பிள்ளை இன்னும் பேரம் பேசிட்டிருக்காரா’ன்னு கேப்பாரு. நெகட்டிவ்கூட இல்லாத படம். பேசாம கடையிலயே குடுத்துடுங்க. உங்களால வெட்ட முடியாது.”

“எது? என்னாலயா?”

மாமனார் ஐம்பது வருடம் ஜவுளி வியாபாரம் பார்த்தவர். மாப்பிள்ளையின் பேரத்தைக் கேட்டால் ‘கத்துக்குட்டி’ என்பார். அந்த ஒரு சொல் பாதிவிலைக்குச் செருப்புக்குள் கல் மாதிரி.

பாதிவிலை படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நாற்பது வருடப் படம், ஒரு மஞ்சள் கறை இல்லை. “உங்கம்மா எவ்வளவு பத்திரமா வச்சிருக்காங்க பாரு! நீயும் இருக்கியே. பீரோ மேல நீ வரைஞ்ச பறவைப் படமெல்லாம் பெட்டியில கிடந்து வளையுது.”

“கிடக்கட்டும்” என்றாள் மனைவி. அந்தப் படங்களுக்கு மவுன்ட் வெட்ட இரண்டு வருடம் முன்பு அவள் ஒரு கட்டர் கேட்டு, அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்தது பழைய கதை.

செவ்வாய்க்கிழமை பாதிவிலை ஓவியச் சாமான் கடைக்குப் போனார். கடைக்காரம்மா மூன்று கட்டர்களை வரிசையாக வைத்தாள். கையளவு ஒன்று, நானூறு. தண்டவாளம் போல நீளமான பட்டையில் ஓடுவது, ஆயிரத்து நானூறு. மேசையை அடைத்துக்கொள்ளும் பலகையோடு ஒன்று, ஆறாயிரத்து எண்ணூறு.

“மூணும் செய்யற வேலை ஒண்ணுதானே?”

“ஒண்ணுதான் சார். நடந்தாலும் ஊர் வரும், ரயில்ல போனாலும் ஊர் வரும்.”

“நடந்தே போறேன். இருநூறு.”

முந்நூற்று இருபதுக்குப் படிந்தது. எண்பது லாபம் என்று பாதிவிலை டைரியில் எழுதிக்கொண்டார்.

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் அட்டையை விரித்து வெட்டினார். கோடு குடித்துவிட்டு நடந்தவன் மாதிரி போனது. ஜன்னலின் நாலு ஓரத்துக்கும் ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தையே இல்லை. அட்டையைத் தூக்கினால், மேசையின் மேலும் அதே ஜன்னல் விழுந்திருந்தது.

மனைவி மேசையைத் தடவிப் பார்த்தாள். “கடையிலயே குடுத்துடுங்களேன்.”

“முந்நூத்தி இருபது செலவு பண்ணிட்டு, இப்பப் போய் தொள்ளாயிரமும் குடுத்தா நான் என்ன கேனையனா?”

புதன்கிழமை தண்டவாளக் கட்டர் ஆயிரத்து நூற்றைம்பதுக்கு வந்தது. லாபம் இருநூற்றைம்பது. இந்த முறை கோடு நேராக ஓடியது. ஆனால் மூலையில் நிற்காமல் தாண்டிப் போனது. இரண்டாவது அட்டையில் மூலைக்கு முன்பே நின்றது. மூன்றாவதில் எல்லாம் சரியாக அமைந்தது. பாதிவிலை படத்தைப் பின்னால் வைத்தார். படம் ஜன்னல் வழியாக முன்னால் வந்து தரையில் விழுந்தது.

“படத்தோட அளவுக்கே வெட்டிட்டீங்க. ஜன்னல் கொஞ்சம் சின்னதா இருக்கணும்” என்றாள் மனைவி.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“பொதுவா சொன்னேன். அந்தப் பெரிய மெஷின்ல மூலையில தானா நிக்கறதுக்குத் தடுப்பு இருக்காம். நமக்கெதுக்கு அதெல்லாம்? விலை கேட்டாலே மயக்கம் வரும். கடையிலயே குடுத்துடுங்க.”

“எனக்கு மயக்கமா?”

வெள்ளிக்கிழமை கடைக்காரம்மா அவரைப் பார்த்ததும் பெரிய பெட்டியின் தூசியைத் தட்டினாள்.

“மூவாயிரத்து நானூறு” என்றார் பாதிவிலை. குரலில் பழைய தெம்பு இல்லை.

“ஆறாயிரத்து ஐந்நூறு. பிளேடு பத்து இலவசம். உங்களுக்காக, சார். வாரத்துல மூணு நாள் வர்றவங்க எனக்கு யாரு இருக்கா?”

மொத்த லாபம் அறுநூற்று முப்பது. இன்னும் இருநூற்று எழுபது மிச்சம் பிடித்துவிட்டால் ஃபிரேமே இலவசம் என்று பாதிவிலை கணக்கைச் சரிசெய்துகொண்டார்.

சனிக்கிழமை மதியம் பலகை மெஷின் மேசையில் உட்கார்ந்தது. மேசையின் காயமும் மறைந்தது. அதையும் லாபத்தில் சேர்த்தார். அட்டையை நுழைத்துப் பட்டையை அழுத்தியபோது அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது. “அடியில ஏதாவது ஒரு தாள் வைக்கணுமாம், அப்பத்தான் பிசிறு வராது!”

கைக்கு எட்டிய இடத்தில் ஒரு தாள் குப்புறக் கிடந்தது. எடுத்து அடியில் சொருகி, மூச்சைப் பிடித்து, நாலு இழுப்பு.

வெண்ணெயில் ஓடிய மாதிரி ஓடியது. மூலைகள் நாலும் ஊசி முனை. சாய்வு ஒரே சீர். பாதிவிலைக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. அடியில் இருந்த தாளைத் திருப்பினார். அந்த நீர் அங்கேயே உறைந்தது.

நாற்பது வருடம் சண்டை போட்டும் பிரியாத தம்பதியை ஒரே இழுப்பில் பிரித்திருந்தார். மாமனார் இந்தத் துண்டில், மாமியார் அந்தத் துண்டில். இரண்டு பேரும் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

மனைவி அடுப்படியை விட்டு வருமுன் துண்டுகளைச் சட்டைப்பைக்குள் திணித்தார். செருப்பு வலது இடது மாறியதுகூடத் தெரியாமல் ஃபிரேம் கடைக்கு ஓடினார்.

“அண்ணே! எப்படியாவது ஒட்டிக் குடுங்க. தொள்ளாயிரம் தர்றேன். ஆயிரத்து எண்ணூறு தர்றேன்!”

வாழ்க்கையில் முதல் முறையாகப் பாதிவிலையின் வாய் இரட்டிப்பைச் சொன்னது.

கடைக்காரர் துண்டுகளைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். “பெரிய மெஷின் வாங்கிட்டீங்களா சார்?”

“நேத்துத்தான். அதை விடுங்க, படத்தை...”

கடைக்காரர் பெருமூச்சோடு மேசைக்கு அடியில் குனிந்து, பழுப்புத் தாள் சுற்றிய ஒன்றை எடுத்துப் பிரித்தார். மரச்சட்டம், சாய்வு வெட்டு, நடுவில் மஞ்சள் கறையோடு மாமனாரும் மாமியாரும் சேர்ந்தே சிரித்தார்கள்.

“அசல் இங்கதான் சார் இருக்கு. நீங்க வெட்டினது நகல். சட்டத்துக்கு முந்நூத்தம்பது, உங்க வீட்டம்மா போன வாரமே கட்டிட்டாங்க. உங்ககிட்ட தொள்ளாயிரம்னு சொன்னதுக்கு எனக்கு நூறு குடுத்தாங்க. சனிக்கிழமைக்குள்ள பெரிய மெஷின் வீட்டுக்கு வந்துடும்னு நூறு பந்தயமும் கட்டினாங்க. தொள்ளாயிரம் மிச்சம் பிடிக்க எவனாவது ஆறாயிரம் குடுப்பானான்னு நானும் ஒத்துக்கிட்டேன். வாங்கின நூறு, தோத்த நூறு, கணக்கு நேராயிடுச்சுன்னு அம்மாகிட்ட சொல்லிடுங்க சார்.”