துரைக்கும் மச்சானுக்கும் ஒரே நாள்

"துரை பொறந்த அன்னைக்குத்தான் நானும் பொறந்திருக்கேன், மச்சான்," என்றார் செல்லசாமி. "பதிவுலயே இருக்கு. ஜூலை பன்னெண்டு."

இலங்கை மலைநாட்டில், அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றை நடத்தும் துரையின் பங்களாவில் பொன்னையா சமையல்காரர். செல்லசாமி அவர் மனைவி அழகம்மாவின் அண்ணன். அதற்கும் மேலே, தோட்டத் தொழிலாளர் சங்கத் தலைவர். குடியுரிமைக்கு மனுப் போடுவதற்காகப் பிறப்புப் பதிவைத் தேடி எடுத்ததில்தான் இந்த விஷயம் வெளியே வந்திருந்தது.

"அதுக்கு என்னங்க?"

"வருசா வருசம் துரைக்குக் கேக்கு செய்யிறீங்க. இந்த வருசம் எனக்கும் செய்யணும். சங்கத்துல முடிவாயிருச்சு."

கண்ணில் படாமல் சின்னதாக ஒன்று செய்து கொடுத்துவிடலாம் என்று பொன்னையா நினைத்தார். அழகம்மா விடவில்லை.

"எங்கண்ணன் என்ன துரைக்கு எளப்பமா? கேக்கு அளவு குறைஞ்சா, இங்க சோத்து அளவும் குறையும்."

சரி, ஒரே அளவு என்று ஒப்புக்கொண்டார். மறுநாளே அடுத்த செய்தி வந்தது. துரை கேக்கில் எழுத்து இருக்கிறது. தலைவர் கேக்கிலும் இருக்க வேண்டும். என்ன எழுதுவது என்று சங்கம் இரண்டு மணி நேரம் கூடிப் பேசி, 'லயத்துக் கூரையை மாற்று' என்று தீர்மானம் போட்டது. அடைமழைக் காலம். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஒழுகலுக்குச் சட்டி வைக்காத மூலை கிடையாது.

"கேக்குல போயி இதை எழுதுவாங்களா, மச்சான்?"

"கடுதாசியில எழுதினோம், கேக்கல. அதான் கேக்குல எழுதுறோம்."

பன்னிரண்டாம் தேதி காலையில் பங்களாவின் சமையற்கட்டான குசினியில் இரண்டு கேக்கும் ஒரே மாதிரி இரண்டு தகரப் பெட்டிகளில் தயாராக இருந்தன. ஒன்றில் ஆபீசுப் பெரிய கிளாக்கர் எழுதிக்கொடுத்ததைப் பார்த்து வரைந்த, துரை பேர் போட்ட இங்கிலீசு வாழ்த்து; இன்னொன்றில் கூரை. மாறிவிடக் கூடாதே என்று கூரைப் பெட்டிக்கு மட்டும் சிவப்பு நூல் கட்டிவிட்டு, பொன்னையா குளிக்கப் போனார்.

திரும்பி வந்தபோது ஒரே ஒரு பெட்டிதான் இருந்தது. அதில் சிவப்பு நூல்.

பங்களாக் குசினி வாசலில் அழகம்மா விட்டுச்சென்ற சேதியைத் தோட்டக்காரர் இராமையா சொன்னார்: "தொரை பெட்டிக்கு மட்டும் நூலு கட்டிட்டு, அவங்க அண்ணன் பெட்டிய மொட்டையா விட்டுட்டீங்களாம். அதுக்கும் நூலு கட்டி அண்ணனுக்குக் கொண்டு போறாங்களாம்."

அதற்குள் உள்ளே துரை மணி அடித்துக் கூப்பிட்டார். வேறு வழியில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

துரை தமிழ்ப் பரீட்சை பாஸ் பண்ணியவர். மூடியைத் திறந்து, விரல் வைத்து எழுத்துக் கூட்டினார்.

"ல... யத்துக்... கூரையை... மாற்று."

பொன்னையா தலைப்பாகையைக் கையில் எடுத்துக்கொண்டார். மச்சான், பதிவு, நூல் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார்.

"லயத்துல இந்நேரம் உங்க பேரைத் தின்னுக்கிட்டு இருப்பாங்க, தொரைகளே. ஒரே நாள்ல ரெண்டு பெரிய மனுசங்க பொறந்துட்டா, ஒரு சமையல்காரன் என்னங்க செய்வான்? இன்னையோட என்னை நிப்பாட்டிருங்க."

துரை ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டுக்கொண்டார். 'கூ' போயிற்று. மென்று முடித்தார்.

"உன் மச்சானை நாளைக்கு ஆபீசுக்கு வரச் சொல்லு. கூரையைப் பத்திப் பேசலாம்."

பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்தினார்.

"பொன்னையா, ஜூலை பன்னெண்டு எனக்கு முன்னால இருந்த துரையோட பொறந்தநாள். நான் வந்த வருசம் நீ கேக்கோட வந்து நின்னே. நல்ல கேக்கு, அதான் அஞ்சு வருசமா நான் ஒண்ணும் சொல்லல."