கொள்ளிடம் கிங்

அன்றைக்கும் தட்சிணாமூர்த்தியின் கிராமத்தைக் கொள்ளையடித்தவன் அவர் பெற்ற பிள்ளைதான்.

கிராமம் இருந்தது கம்ப்யூட்டரில். இரண்டாயிரத்து ஒன்பதில் பையன்கள் இன்டர்நெட்டில் ஆடிக்கொண்டிருந்த விளையாட்டு. ஆளுக்கு ஒரு ஊர், வயல், களஞ்சியம், கொஞ்சம் படை. பக்கத்து ஊர்க்காரன் அசந்த நேரத்தில் படையை அனுப்பி அவன் தானியத்தை அள்ளி வரலாம். மஞ்சக்குப்பத்தில் அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளரான தட்சிணாமூர்த்தி, சாப்பாட்டு நேரத்தில் எதிரே இருந்த பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து காலிக் களஞ்சியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னிக்கும் அள்ளிட்டானா சார்?” என்றார் சென்டர் நடத்தும் ராஜாமணி.

“ஒரு நெல்லு மணிகூட உடல.”

மகன் அறிவுமதி சிதம்பரத்தில் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். அண்ணாமலை நகரில் லாட்ஜ் அறை. போன் செய்தால் “ம்”, “சரி”, “வெக்கிறேன்” என்பான். கொஞ்ச நாளாக “சரி”யும் போய்விட்டது.

“போன தீபாவளி லீவுல இங்கதான சார் கெடந்தான். கொள்ளிடம் கிங்னு பேரு வெச்சிகினு ஆடுவான். அந்த கேம்ல பெரிய கை,” என்று ராஜாமணிதான் துப்புக் கொடுத்தார். வீட்டில் பேசாதவன் அங்கேயாவது பேசுவான் என்று, மார்ச் மாதம் கொள்ளிடம் கிங்குக்குப் பக்கத்திலேயே ‘ராக்கி’ என்ற பெயரில் ஓர் ஊர் அமைத்தார் தட்சிணாமூர்த்தி.

பக்கத்தில் அமைத்ததுதான் தப்பு.

“பெத்த அப்பன் சோத்துலயே கை வெக்கிறான்டி,” என்றார் மனைவி மங்கலத்திடம்.

“நேர்ல செய்யறததான அங்கயும் செய்யறான்.”

கெஞ்சி ஒரு செய்தி அனுப்பினார். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து முடிப்பதற்குள் சாப்பாட்டு நேரமே தீர்ந்துவிட்டது. ‘தயவுசெய்து எங்கள் ஊரை விட்டுவிடவும்.’

பதில் உடனே வந்தது. ‘ஆட தெரியலன்னா மூடிட்டு போ.’

அவருக்குக் கோபம் வரவில்லை. அந்த வருஷத்தில் மகன் அவரிடம் பேசிய மிக நீளமான வாக்கியம் அது.

“கப்பம் கட்டிடுங்க சார். நீங்களே அனுப்பிட்டா அவன் ஏன் அடிக்கப் போறான்?” என்றார் ராஜாமணி.

கட்டினார். கொள்ளை நின்றது. ஆனால் கப்பம் தினமும் காலை பதினொன்றுக்கு வந்து சேர வேண்டும் என்று உத்தரவு வந்தது. அலுவலகத்திலிருந்து நழுவக் காரணம் வேண்டுமே, சர்க்கரை வியாதி, டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்றார். அதிகாரி சர்டிபிகேட் கேட்டார். தெரிந்த டாக்டரிடம் வாங்கிக் கொடுத்தார். மறுநாள் முதல் அலுவலக டீயில் சர்க்கரை நின்றது. வாரக் கடைசியில் செய்தி வீட்டுக்கும் எட்டி, மங்கலம் சோற்றை நிறுத்திக் கேழ்வரகுக் களி கிண்டினாள்.

“இவ்ளோ பெரிய வியாதிய எங்கிட்ட ஏன் மறச்சீங்க?”

களித் தட்டை இழுத்து வைத்துக்கொண்டு தின்றார்.

மகன் அவரை ‘மச்சான்’ என்று அழைத்த அன்று மட்டும் இரண்டாம் முறை களி கேட்டு வாங்கினார்.

அப்புறம் ஒரு காலையில் இந்தச் செய்தி வந்தது. ‘மூடு சரியில்ல மச்சான். எங்கப்பா ஞாபகம். டி.வி.எஸ். பிப்டில முன்னாடி நிக்க வெச்சி பீச்சுக்கு கூட்டிகினு போவாரு. வழியெல்லாம் பாட்டு பாடுவாரு. நேத்து ரேடியோல அந்தப் பாட்டு வந்துது. ஆப் பண்ணிட்டேன்.’

தட்சிணாமூர்த்தி அதைப் பலமுறை படித்தார். வீட்டுக்குப் போனதும் கேட்டார்.

“நம்மகிட்ட டி.வி.எஸ். பிப்டி இருந்துதா மங்கலம்?”

“ஸ்கூட்டர்தான் இருந்துது.”

“அவன பீச்சுக்கு கூட்டிகினு போயிருக்கன்ல?”

“நீங்களா? ஞாயித்துக்கெழமகூட கணக்கு போட வெச்சி அடிப்பீங்க.”

“பாட்டு பாடுவன்ல?”

மங்கலம் களிக் கரண்டியைக் கீழே வைத்தாள். “சர்க்கர மூளைக்கு ஏறிடுச்சா?”

சின்னப் பிள்ளைக்கு ஸ்கூட்டர் என்ன, டி.வி.எஸ். என்ன என்று முடிவு செய்துகொண்டார். சில நாளில் அந்தக் கடற்கரையும் பாட்டும் அவருக்கே தெளிவாக ஞாபகம் வந்துவிட்டன. கழுத்தில் பிள்ளையின் மூச்சு பட்டதுகூட. முன்னால் நிற்கிறவன் மூச்சு கழுத்தில் எப்படிப் படும் என்று அவர் யோசிக்கவில்லை.

‘அப்பாகிட்ட பேச வேண்டியதுதான?’ என்று அடித்தார்.

‘இனிமே எப்பிடி பேசறது மச்சான்.’

அந்த வாரம் அதிகாரி ஜெராக்ஸ் எடுக்க சென்டருக்கு வந்தார். ராக்கி அப்போது கொள்ளிடம் கிங்குக்குத் துணையாகப் படை அனுப்பிக்கொண்டிருந்தான். மறுநாள் மெமோ வந்தது. பொய் சர்டிபிகேட், வேலை நேரத்தில் விளையாட்டு. பதவி உயர்வு இனி இல்லை என்று ஆனது. தட்சிணாமூர்த்தி விளக்கம் எழுதவில்லை. லீவு எழுதிக் கொடுத்துவிட்டுச் சிதம்பரம் பஸ் ஏறினார். பிள்ளை கிடைத்துவிட்டான், பதவி எதற்கு.

லாட்ஜ் கதவைத் திறந்த அறிவுமதியின் முகம் செத்தது.

“என்னா இங்க?”

“சும்மாதான்டா.”

“ம்,” என்றான். பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டான். வெட்கப்படுகிறான் என்று நினைத்தார் தட்சிணாமூர்த்தி.

அறையில் கூடத் தங்கியிருந்த சேரன், நாற்காலியில் கிடந்த துணிகளை அள்ளி அவருக்கு இடம் கொடுத்தான். அவருக்கு யாரிடமாவது சொல்லியாக வேண்டியிருந்தது.

“அவன் வந்ததும் சொல்லிடலாம்னு இருக்கன் தம்பி. அந்த கேம்ல கொள்ளிடம் கிங்குகூட தெனம் பேசற ராக்கி நான்தான். அவன் மனசுல எம்மேல எவ்ளோ பாசம்னு இப்பதான் எனக்குத் தெரியுது.”

சேரன் துணி மடிப்பதை நிறுத்தினான்.

“அந்த கொள்ளிடம் கிங் ஐ.டி.யவா சொல்றீங்க அங்கிள்? அரியர் பீஸுக்கு உங்ககிட்ட கேக்க பயந்துகினு, ஜனவரியிலயே அத நெய்வேலில யாருக்கோ வித்துட்டானே.”