யாருமில்லாத ஏற்பியும் தரகர் அக்காவும்

பிறருக்கெல்லாம் ஜோடி சேர்க்கத் துடிக்கும் துணைதேடி என்னும் மனித இனத்தின் முழு வளர்ச்சியடைந்த மாதிரியை நான் முதன்முதலில் கண்டது தொண்ணூற்றொன்றாம் ஆண்டின் குளிர்காலத்தில். நான் புதிதாகச் சேர்ந்த ஆய்வகத்தின் செல் வளர்ப்பறையில், எனக்கு மூத்த ஆய்வாளர் ஒருவர் ஒரு கண்ணாடித் தட்டின்மேல் குனிந்து நின்றார்.

"பாவம், இதுக்கு யாருமே இல்ல."

"இது" என்றது ஒரு புரதத்தை. செல்லின் உட்கருவில் அமர்ந்து, மரபணுக்களை முடுக்கவும் அடக்கவும் செய்கிற ஏற்பி. அதன் உறவினர்கள் பலருக்கு வந்து ஒட்டிக்கொள்ள ஏதேனும் ஒரு ஹார்மோன் உண்டு. இதற்கு எதுவும் அகப்படவில்லை. ஆகவே அறிவியலார் இதை அநாதை ஏற்பி என்றனர். துணைதேடிக்கு இதைவிட என்ன வேண்டும்? கொழுப்பமிலம், பித்த உப்பு, வைட்டமின், இன்னதென்று தெரியாத மூலிகைச் சாறு என வரன் வரனாக அழைத்துவந்து, செல்களின்மேல் சொட்டுவிட்டு, அவை ஒளிர்கின்றனவா (ஒளிர்ந்தால் பொருத்தம்) என்று பார்த்து, ஒளிராவிட்டால் "எடம் சரியில்ல" என்று வரனைப் பழித்துவிட்டு அடுத்ததை எடுப்பார். ஆய்வகம் அவருக்குத் தரகர் அக்கா என்று பெயர் சூட்டியது. நானும் சிரித்துக்கொண்டே அவருக்குப் பக்கத்து முக்காலியில் அமர்ந்தேன். பின்னர் எழவேயில்லை.

ஒருமுறை ஒளிர்ந்தது. இனிப்பு வழங்கினோம். ஒளிரச் செய்தது வரனன்று என்று பிறகுதான் தெரிந்தது. புதிதாக வாங்கிய பிளாஸ்டிக் குழாயிலிருந்து கசிந்த ஏதோ ஒன்று.

"அந்தக் குழாய்க்கே கட்டி வச்சிருங்க அக்கா" என்றார் ஆய்வகக் கண்ணாடிக் கலங்களைக் கழுவுபவர்.

அக்காவுக்கு ஓய்வு நெருங்கியது. "நான் போறதுக்குள்ள இத ஒருத்தன் கையில பிடிச்சுக் குடுத்துரணும்" என்று உணவையும் மறந்து உழைத்தார். அப்போதுதான் புரதத்தின் வடிவத்தை ஆராய்பவர் படத்தோடு வந்தார். துணை வந்து அமர வேண்டிய குழியை, ஏற்பி தன் சொந்தக் கிளைகளாலேயே அடைத்து வைத்திருந்தது. எள் போட இடமில்லை.

"இதுக்கு யாரும் வேணாம் மேடம். தனியாவே வேல செய்யுது. நல்லாவே செய்யுது."

நான் மணம் செய்துகொள்ளாதவள். "உனக்குன்னு யாரும்மா இருக்கா?" என்று உருகிய சித்திகளையெல்லாம் பிழையற்ற வாக்கியங்களால் வாயடைக்கச் செய்தவள். அத்தகைய நான், கால் நூற்றாண்டாக ஒரு புரதத்தைப் பார்த்துப் "பாவம்" என்றிருக்கிறேன்.

நீங்கள் இந்த இனமில்லை என்கிறீர்களா? மாடி வீட்டில் தனியாக, நிம்மதியாக வாழ்பவரைக் கண்டு கடைசியாக எப்போது பெருமூச்சு விட்டீர்கள்?

அக்கா அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார். பிரிவுபசாரம் முடிந்து படியிறங்குகையில் என் கையைப் பற்றினார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், தட்டாத. படம் கொண்டாந்தவர்கிட்ட, பின்பக்கமா வேற குழி ஏதாவது இருக்கான்னு பாக்கச் சொல்லு."