சவுரிக்கு வைத்த ஒப்பாரி

உயிரோடு இருக்கும்போதே தன் ஒப்பாரியை முழுசாகக் கேட்டவள் நான். அதுவும் ஏரித் தண்ணீரில், வாயில் கயிற்றைக் கடித்துக்கொண்டு.

கல்யாணமான புதிதில் டைபாய்டு வந்தது. போகும்போது என் முடியையும் கூட்டிக்கொண்டு போனது. பழவேற்காட்டு டாக்டர், "கொஞ்ச மாசத்துல வளரும்மா" என்றார். நான் நம்பவில்லை. காலையில் தலையணையைப் பார்த்தாலே அழுகை வரும். கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். என் மாமியார், "முடியப் பாத்துட்டுத்தான் இந்தப் பொண்ண எடுத்தேன்"னு ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவர். (முகத்தைப் பற்றி யாரிடமும் எதுவும் சொன்னதில்லை.) முடி போனால் மருமகள் பதவியும் போய்விடும் என்று பயந்தேன். அவருக்குத் தெரியாமல், மிச்சமிருந்த கொஞ்ச முடியோடு சவுரி வைத்துக் கொண்டை போட்டேன். விஷயம் என் வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும்.

ஏரியில் இறால் பிடிக்கப் போகும்போதும் அதே கொண்டைதான். (இறால் என்ன, கொண்டையைப் பார்த்தா கையில் சிக்கப் போகிறது?) நாங்கள் கையாலேயே சேற்றைத் தடவிப் பிடிப்போம். பிடித்ததைப் போட ஓலைப் பறி, அதன் கயிறு பல்லுக்கிடையில். அன்று குனிந்து தடவியதில் சவுரி நழுவி, பக்கத்தில் தடவிக்கொண்டிருந்த மாமியார் கையில் சிக்கிவிட்டது.

"ஐயோ, பொணம்!" என்று கரைக்கு ஓடினார். அங்கே போய்க் கையைப் பார்த்தால் முடி, அதில் அவர் வாங்கித் தந்த சிவப்பு கிளிப்பு.

"என் மருமவ முழுவிப் பூட்டாளே! தங்கமே, வாயிலதான திட்னேன், மனசுல ஒன்னும் இல்லியே! உன் மீன் கொழம்ப வேணும்னே கொற சொன்னேனே, என்னுதவிட நல்லா இருந்துச்சே!"

நானோ தலை தெரியக் கூடாதென்று, அங்கே கட்டியிருந்த ஒரு படகுக்குப் பின்னால் மூக்கு வரை தண்ணீரில் இருந்தேன். கயிற்றைத் துப்பிவிட்டு ஒரு குரல் கொடுத்தால் போதும். வெட்கம் விடவில்லை. (குழம்பு விஷயம் முடியட்டும் என்ற ஆசையும் உண்டு.)

திடீரென்று மாமியார் என்னைத் தேடி ஆழமான பக்கமாகப் பாய்ந்தார். அவருக்கு மூச்சிரைப்பு வேறு. எனக்கு உயிரே போய்விட்டது. பறியை அப்படியே விட்டுவிட்டு, "அத்தே! இங்க கீறேன்!" என்று எழுந்து நின்றேன்.

என் தலையைப் பார்த்தார். கையிலிருந்த சவுரியைப் பார்த்தார்.

"இன்னாடி, இதுக்கா ஒளிஞ்சிகினு இருந்தே?" என்று முதுகில் ஒன்று வைத்தார். பிறகு முந்தானையால் என் தலையைத் துவட்டினார். "முடி கெடக்குது வுடு. நீ கீறியே!"

முடி வளர்ந்துவிட்டது, பழைய நீளம் இல்லை. இப்போதும் எனக்கு ஒரு தும்மல் வந்தால் போதும், மாமியார் கஞ்சியோடு வந்து நிற்பார். வீடே சிரிக்கும். அவர் மட்டும் சிரிக்காமல் சொல்வார்:

"உனுக்குண்டான ஒப்பாரிய அன்னிக்கே பாடி முடிச்சிட்டேன். என்கிட்ட வேற பாட்டு இல்ல. எனுக்கு முன்னால நீ பூடாதடி."